ஆற்றப்படாத உணர்ச்சிகள்: சிறுவயதுக் கொடுமையும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறும்

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பது உணர்ச்சி, உறவு, தன்னைப் பற்றிய எண்ணம், நடத்தை ஆகிய நான்கும் நிலைகொள்ளாமல் ஆடும் ஒரு மனநலச் சிக்கல். மருத்துவமனைப் பேச்சில் இது வெறும் ‘பார்டர்லைன்’. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதற்கு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது: கைவிட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் அதைத் தடுக்கப் படாத பாடு படுவதும், இன்று தெய்வமாகத் தெரிந்தவர் நாளை துரோகியாகத் தெரியும் உறவுகள், தான் யார் என்பதே பிடிபடாத நிலை, செலவு, போதை, உடலுறவு, வாகன வேகம், உணவு என இவை போன்றவற்றில் குறைந்தது இரண்டிலாவது யோசிக்காமல் இறங்கிவிடுவது, தற்கொலை முயற்சி அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரளும் மனநிலை, விலகாத வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடி நேரத்தில் எல்லோரும் தனக்கு எதிராக இருப்பதாகத் தோன்றும் சந்தேகம், அல்லது தன் உடலைவிட்டுத் தானே விலகி நிற்பது போன்ற மரத்த உணர்வு. இவற்றில் குறைந்தது ஐந்து இருந்து, அவை இளமைப் பருவத்தில் தொடங்கிப் பல சூழல்களிலும் தொடர்ந்தால் இந்தப் பெயர் பொருந்தும். ஒன்பதில் குறைந்தது ஐந்து என்ற கணக்குப்படி 256 விதமான சேர்க்கைகள் சாத்தியம். எனவே ஒரே பெயர் சூட்டப்பட்ட இருவர் பார்வைக்கு ஒருவரைப்போல் ஒருவர் இருக்க வேண்டியதே இல்லை.

மாலை ஏழு மணிக்கு அழைப்பதாகச் சொன்ன காதலர் அழைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு அது ஒரு சின்ன எரிச்சல். இக்கோளாறு உள்ள பெண்ணுக்கு ஏழு பத்துக்கே வயிற்றைப் பிசைகிறது. ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் இல்லை. ‘பார்த்துவிட்டும் பேசவில்லை’ என்பது அடுத்த நிமிடம் ‘நான் யாருக்கும் வேண்டாதவள்’ என்று ஆகிவிடுகிறது. எட்டு மணிக்குள் இருபது அழைப்புகள். பிறகு ‘இனி என் முகத்திலேயே விழிக்காதே’ என்று ஒரு செய்தி. அனுப்பிய கையோடு அதை அழித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு இன்னொன்று. எட்டேகாலுக்கு அவர் அழைக்கிறார்: அலுவலகக் கூட்டம் இழுத்துவிட்டதாம். கோபம் வடிந்துவிடுகிறது. உடம்பின் நடுக்கம் அடங்கவோ நள்ளிரவாகிறது. மறுநாள் முழுக்க வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஒன்றேகால் மணி நேரத் தாமதத்துக்கு ஒரு மனம் ஏன் இவ்வளவு தூரம் போகிறது, போனது ஏன் எளிதில் திரும்புவதில்லை என்பதுதான் இத்துறை ஆய்வாளர்களை நெடுங்காலமாக அலைக்கழிக்கும் கேள்வி.

இதை இருமுனைக் கோளாறோடு குழப்பிக்கொள்வது வழக்கம். இருமுனைக் கோளாறில் மனநிலை மாறினால் அது நாள் கணக்கில், வாரக் கணக்கில் நிற்கும். வெளியே எதுவும் நடக்காமலே மாறவும் கூடும். இங்கே மாற்றம் மணிக்கணக்கில் நடக்கிறது, பெரும்பாலும் இன்னொரு மனிதரின் சொல்லோ செயலோ அதைக் கிளறிவிடுகிறது. பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இக்கோளாறு இருக்கலாம் என்பது பெரும்பாலான கணிப்பு. மனநல மருத்துவமனைகளின் புறநோயாளிகளில் சுமார் பத்து சதவீதம், உள்நோயாளிகளில் சுமார் இருபது சதவீதம். சிகிச்சைக்கு வருபவர்களில் முக்கால்வாசி பெண்கள். ஆனால் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்புகளில் ஆண் பெண் வேறுபாடு அவ்வளவாக இல்லை. ஆண்களின் கோபம் குடிநோய் மையத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது, மனநல மருத்துவரிடம் வருவதில்லை என்பது ஒரு விளக்கம்.

1938-இல் நியூயார்க்கின் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன், மனப்பதற்ற நோய்க்கும் மனச்சிதைவுக்கும் நடுவே எதிலும் அடங்காமல் நின்ற நோயாளிகளைக் குறிக்க ‘பார்டர்லைன்’ என்றார். 1960-களில் ஓட்டோ கெர்ன்பெர்க் அதற்கு ஒரு கோட்பாட்டு உருவம் கொடுத்தார். 1975-இல் ஜான் கன்டர்சனும் மார்கரெட் சிங்கரும் அறிகுறிகளை ஒழுங்குபடுத்திய பிறகு, 1980-இல் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இது தனி நோயாக இடம்பெற்றது. இன்று யாரும் இதை இரண்டு நோய்களுக்கு இடைப்பட்ட ஒன்றாகக் கருதுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிப்பதையே பெரும்பாலும் கைவிட்டது. ஆனால் பார்டர்லைன் பாங்கை மட்டும் ஒரு துணைக்குறிப்பாக வைத்துக்கொண்டது.

சிறுவயதுக் கொடுமையோடு இதற்குள்ள தொடர்பு 1980-களின் இறுதியில்தான் அழுத்தமாகப் பேசப்பட்டது. அதுவரை நோயாளியின் உள்மன மோதல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டதே தவிர, ‘உனக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது?’ என்று முறையாகக் கேட்டவர்கள் குறைவு. 1989-இல் பாஸ்டனில் ஜூடித் ஹெர்மன், கிறிஸ்டோபர் பெர்ரி, பெசல் வான் டெர் கோல்க் மூவரும் கேட்டார்கள். இக்கோளாறு உடையவர்களில் 81 சதவீதத்தினர் கடுமையான சிறுவயதுப் பாதிப்பைச் சொன்னார்கள்: 71 சதவீதம் பேருக்கு அடி உதை, 68 சதவீதம் பேருக்குப் பாலியல் வன்கொடுமை, 62 சதவீதம் பேர் வீட்டுக்குள் கடும் வன்முறையைக் கண்ணால் பார்த்தவர்கள். 1997-இல் மேரி ஜனாரினியின் குழு 358 உள்நோயாளிகளை விசாரித்தபோது, 91 சதவீதத்தினர் 18 வயதுக்குள் ஏதாவதொரு கொடுமைக்கும், 92 சதவீதத்தினர் ஏதாவதொரு புறக்கணிப்புக்கும் ஆளானதாகக் கூறினர். இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். அடித்தது மட்டுமல்ல, கவனிக்காமல் விட்டதும் அதே அளவுக்கு எங்கும் பரவியிருந்தது.

2020-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 97 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். மனநலச் சிக்கல் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இக்கோளாறு உள்ளவர்கள் சிறுவயதுத் துன்பத்தைச் சொல்லும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு. வகைவாரியாகப் பிரித்தபோது முதலிடத்தில் நின்றது பாலியல் கொடுமை அல்ல, அடியும் அல்ல. இழிவுபடுத்துவது, மட்டம் தட்டுவது, பயமுறுத்துவது, ‘நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்’ என்று சொல்வது போன்ற உணர்ச்சிக் கொடுமைதான் முதலிடம். அடுத்தது உணர்ச்சிப் புறக்கணிப்பு. தழும்பு விடாத கொடுமை என்பதால் இதைப் பள்ளியும் பார்ப்பதில்லை, காவல் துறையும் பார்ப்பதில்லை. அனுபவித்தவருக்கே பல சமயம் அதைக் கொடுமை என்று சொல்ல நாக்கு வருவதில்லை.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை வளர்ந்தவர்களின் நினைவிலிருந்து திரட்டியவை. இன்றைய வேதனை நேற்றைய நினைவுக்குச் சாயம் பூசக்கூடும். அதனால் எதிர்த்திசையிலிருந்து தொடங்கிய ஆய்வுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கேத்தி ஸ்பாட்ஸ் விடம், 1967 முதல் 1971 வரை அமெரிக்க மத்திய மேற்குப் பகுதி நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்ட குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு வழக்குகளிலிருந்து 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தேர்ந்து, அதே அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, நடுத்தர வயது வரை பின்தொடர்ந்தார். 2009-இல் வெளியான முடிவின்படி, கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ளானவர்களிடம் இக்கோளாறு உண்மையிலேயே கூடுதலாக இருந்தது. அடியும் புறக்கணிப்பும் அதை முன்கூட்டியே காட்டின. பாலியல் கொடுமை தனித்து அப்படிக் காட்டவில்லை. பாலியல் வன்கொடுமைதான் இதன் ஒரே வேர் என்று ஒரு காலத்தில் உறுதியாகப் பேசியவர்களுக்கு இது சங்கடமான செய்தி.

அதைவிடச் சங்கடமானது இரட்டையர் ஆய்வுகளிலிருந்து வந்தது. 1973-க்கும் 1993-க்கும் இடையில் சுவீடனில் பிறந்த 18 லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவேடுகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு, இக்கோளாற்றில் பரம்பரையின் பங்கை 46 சதவீதம் என்று மதிப்பிட்டது. மின்னசோட்டாவில் 1,300-க்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளை ஆராய்ந்த மரினா பர்னவலோவாவின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கொடுமைக்கும் பார்டர்லைன் பண்புகளுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதைவிட, இரண்டுக்கும் பின்னால் பொதுவான மரபணுக் காரணிகள் இருக்கின்றன என்பதே தங்கள் கணக்குக்குப் பொருந்துகிறது என்றது. நிதானமிழந்து அடிக்கும் பெற்றோர் தம் கையை மட்டும் பிள்ளையிடம் நீட்டுவதில்லை, அந்த நிதானமின்மையின் மரபையும் கொடுக்கிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனாலும் வளர்ப்பு ஒரு பொருட்டே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிரிட்டனில் 1,116 இரட்டையர் இணைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில், பத்து வயதுக்குள் கடுமையாக நடத்தப்பட்ட பிள்ளைகளிடம் பன்னிரண்டாம் வயதில் பார்டர்லைன் பண்புகள் மிகுந்திருந்தன. குடும்பத்தில் ஏற்கெனவே மனநோய் இருந்த பிள்ளைகளிடம் அந்தத் தாக்கம் இன்னும் கூடுதல். இப்போதைக்கு ஆதாரங்கள் தாங்கக்கூடிய முடிவு இவ்வளவுதான்: சில குழந்தைகள் கூர்மையான உணர்ச்சியோடு பிறக்கின்றன, அந்தக் கூர்மையைக் கையாளத் தெரியாத, அல்லது அதைத் தண்டிக்கிற இடத்தில் வளர்ந்தால் ஆபத்து பெருகுகிறது. கொடுமைக்கு ஆளான பெரும்பாலோருக்கு இக்கோளாறு வருவதில்லை. இக்கோளாறு உள்ள எல்லோரும் கொடுமைக்கு ஆளானவர்களும் அல்லர்.

அப்படியானால் கொடுமை என்பது ஒரு மனதுக்குள் போய் என்ன செய்கிறது? இங்கேதான் உணர்ச்சியைக் கையாளும் திறன் என்ற விஷயம் வருகிறது. உணர்ச்சியை அடக்குவது என்று இதைப் புரிந்துகொண்டால் எல்லாமே தவறாகப் போய்விடும். வந்திருப்பது என்ன உணர்ச்சி என்று அடையாளம் காண்பது, அது எதனால் வந்தது என்று அறிவது, அதை வெறுக்காமல் கொஞ்ச நேரம் தாங்குவது, அது இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வது, தேவைப்பட்டால் அதன் சூட்டைக் குறைப்பது எல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் திறன். கிம் கிராட்ஸும் லிசபெத் ரோமரும் 2004-இல் வெளியிட்ட 36 கேள்விகள் கொண்ட அளவுகோல் இவற்றைத்தான் அளக்கிறது. உலகம் முழுக்க இன்று பயன்படும் அளவுகோல் அது.

இந்தத் திறனோடு யாரும் பிறப்பதில்லை. கைக்குழந்தையின் அழுகை தானாக அடங்குவதில்லை. யாரோ எடுத்து, தோளில் போட்டு, முதுகைத் தட்டி, ‘பசிக்குதா? பயந்துட்டியா?’ என்று பேச்சுக் கொடுத்து அடக்குகிறார்கள். கொதிக்கிற பாலை ஆற்ற இன்னொரு பாத்திரம் வேண்டியிருப்பது போல, குழந்தையின் கொதிப்பை ஆற்ற இன்னொரு மனம் வேண்டும். ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்த பிறகே குழந்தை தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளப் பழகுகிறது. உணர்ச்சிகளுக்கான பெயர்களும் அந்தப் பேச்சிலிருந்துதான் அதற்குக் கிடைக்கின்றன. 1970-களில் எட்வர்ட் டிரோனிக் செய்த சோதனை இதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி சட்டென்று முகத்தை அசைவற்றதாக ஆக்கிக்கொள்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது. பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது, அல்லது அழத் தொடங்குகிறது. சோதனையில் தாய் மீண்டும் சிரிப்பாள், உறவு சரியாகிவிடும். சில வீடுகளில் அந்த அசைவற்ற முகம் வருடக்கணக்கில் நீடிக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் 1993-இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார். குழந்தை தன் உள்ளே உணர்வதை வெளியே சொல்லும்போதெல்லாம் அது தவறு என்றோ நடிப்பு என்றோ அற்பம் என்றோ மறுக்கப்படும் சூழலை அவர் முக்கியக் காரணியாகக் கொண்டார். ‘எதுக்கு இப்ப அழற? அழறதுக்கு என்ன இருக்கு?’, ‘உனக்கு ஒண்ணும் வலிக்கல’, ‘இதுக்கெல்லாம் போய் ஒரு கோபமா?’ என்ற வாக்கியங்கள் எந்த வீட்டில்தான் கேட்டதில்லை. எப்போதாவது சொல்வதால் யாரும் கெட்டுப்போவதில்லை. வேறு பதிலே கிடைக்காத வீட்டில் குழந்தை இரண்டு பாடங்களைக் கற்கிறது. ஒன்று, தன் உணர்வைத் தானே நம்பக் கூடாது. என்ன உணர வேண்டும் என்பதை அடுத்தவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். தான் யார் என்பது பிற்காலத்தில் பிடிபடாமல் போவதன் தொடக்கம் இது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. சாதாரணமாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. தரையில் புரண்டு, பொருளை உடைத்தால் மட்டும் எல்லோரும் ஓடிவருகிறார்கள். அப்படியானால் உச்சத்துக்குப் போனால்தான் உதவி கிடைக்கும். வளர்ந்த பிறகு இதையே ‘நாடகம் போடுகிறாள்’ என்கிறார்கள். திட்டம் போட்டுச் செய்வதல்ல அது. ஓடிவந்தவர்கள் தாங்கள் அறியாமலே பழக்கிவிட்டது.

கொடுமை இந்தச் சூழலின் உச்ச வடிவம். அடிக்கும் தகப்பனோ அத்துமீறும் உறவினரோ குழந்தையின் அச்சத்துக்குக் காரணம் மட்டுமல்ல. அந்த அச்சத்தைத் தணிக்க வேண்டியவரும் பல வேளை அவரேதான், அல்லது அவருக்குப் பயந்து வாய்மூடி நிற்கும் தாய். ஓட வேண்டிய திசையும் ஒதுங்க வேண்டிய திசையும் ஒன்றாகிவிடுகின்றன. 1986-இல் மேரி மெயினும் ஜூடித் சாலமனும் இத்தகைய சில குழந்தைகளை ஆய்வறையில் கவனித்து விவரித்தார்கள்: பெற்றவரை நோக்கித் தவழ்ந்து வந்து, பாதியில் உறைந்துபோய், தலையைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகள். நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் தவிக்கும் பார்டர்லைன் உறவுகளின் சாயலை இதில் பலர் காண்கிறார்கள். கார்லன் லயன்ஸ்-ரூத்தின் நீண்டகால ஆய்வும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. ஒன்றரை வயதில் தாய் தன் குழந்தையிடமிருந்து எந்த அளவுக்கு ஒதுங்கியிருந்தாள் என்பது, ஏறக்குறைய இருபது வயதில் அந்தப் பிள்ளையிடம் காணப்பட்ட பார்டர்லைன் அறிகுறிகளோடு தொடர்புடையதாக இருந்தது. பின்னாளில் நேர்ந்த கொடுமையைத் தனியே கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை.

இப்படி வளர்ந்தவரின் உணர்ச்சி ஓட்டத்தில் மூன்று தன்மைகளை லினஹன் குறிப்பிட்டார்: சின்னத் தூண்டலுக்கே கிளம்புவது, கிளம்பினால் உச்சத்துக்குப் போவது, உச்சத்திலிருந்து மெதுவாகவே இறங்குவது. இவற்றில் கடைசியானது நடைமுறையில் பெருந்தொல்லை. முதல் அலை அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் 2003-இல் மூளையைப் படம்பிடித்து நடத்திய சோதனையில், முகங்களின் படத்தைப் பார்க்கும்போது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி இக்கோளாறு உள்ளவர்களிடம் மிகையாகச் செயல்பட்டது. எந்த உணர்ச்சியும் காட்டாத சாதாரண முகங்களைக்கூட அவர்களில் சிலர் மிரட்டும் முகங்களாகவே கண்டார்கள். தகப்பனின் முகத்தில் புருவம் அசைவதை வைத்து அடி வருமா வராதா என்று கணிக்க வேண்டியிருந்த குழந்தைக்கு அது உயிர்காக்கும் திறமை. அலுவலக மேலாளரின் முகத்திலும் அதையே தேடினால் தொல்லை. ஆனால் மூளைப் படங்கள் எது காரணம், எது விளைவு என்று சொல்லிவிடாது. ஒரு படத்தைக் காட்டி ‘இதோ கொடுமையின் வடு’ என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

தாங்க முடியாத உணர்ச்சி வந்தால் அகப்பட்ட வழியில் தப்பிக்கத்தான் யாரும் பார்ப்பார்கள். எண்ணத்தை அமுக்குவது ஒரு வழி. அமுக்கப்பட்டது இன்னும் வேகமாகத் திரும்பி வருகிறது. நடந்ததையே திரும்பத் திரும்ப அசைபோடுவது இன்னொன்று. நெருப்பு அணைவதே இல்லை. சிறுவயதுக் கொடுமைக்கும் பார்டர்லைன் அறிகுறிகளுக்கும் நடுவே இத்தகைய பழக்கங்கள் பாலமாக நிற்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை என்பதால், பாலம் எந்தத் திசையில் போகிறது என்பதை அவற்றால் முழுவதும் நிறுவ முடியாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் இந்த வரிசையில் சேர்ந்ததே. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை மிரட்டல் என்றோ கவனம் ஈர்க்கும் முயற்சி என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். செய்பவர்கள் பெரும்பாலும் சொல்வது வேறு: உள்ளே இருந்த இறுக்கம் சிறிது நேரம் தளர்ந்தது. அந்தத் தளர்வு நிலைப்பதில்லை, வெட்கம் கூடுகிறது, அடுத்த முறை அதே வழி இன்னும் எளிதாகிவிடுகிறது.

கற்கத் தவறிய திறன் என்றால் பின்னாலாவது கற்பிக்கலாம் அல்லவா? சிகிச்சைகள் இந்த எண்ணத்திலிருந்துதான் பிறந்தன. லினஹனுக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. 1961-இல், 17 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகர மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர் அவர். மனச்சிதைவு என்று முத்திரை குத்தி, மின்னதிர்ச்சியும் கடும் மருந்துகளும் கொடுத்தார்கள். தன்னைப் போன்றவர்களை அந்த நரகத்திலிருந்து மீட்பதாக அங்கே செய்துகொண்ட உறுதியை, துறையில் உலகப் புகழ் பெற்ற பிறகு, 2011-இல்தான் வெளியே சொன்னார். சியாட்டிலில் அவர் உருவாக்கிய முறைக்கு டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று பெயர், சுருக்கமாக டி.பி.டி. ‘நீ உணர்வது புரிகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது’ என்ற ஏற்பும், ‘ஆனாலும் இது மாற வேண்டும்’ என்ற வற்புறுத்தலும் அதில் அருகருகே நிற்கும்.

வாரம் ஒரு முறை சிகிச்சையாளரோடு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு முறை வகுப்பு போலவே நடக்கும் குழுப் பயிற்சி, நெருக்கடியில் தொலைபேசி உதவி, சிகிச்சையாளர்கள் தமக்குள் கலந்து பேசும் கூட்டம் என்று அது குறைந்தது ஓராண்டு நடக்கும். கவனத்தை நிகழ்கணத்தில் நிறுத்துவது, நெருக்கடியை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்க வேண்டியதைக் கேட்பதும் மறுக்க வேண்டியதை மறுப்பதும் என நான்கு பாடங்கள். முதல் பாடத்தில் லினஹன் பயின்ற ஜென் தியானத்தின் பங்கு பெரிது. தனிச் சந்திப்பில் சென்ற வாரத்தின் ஒரு நெருக்கடியை எடுத்துக் கண்ணி கண்ணியாகப் பிரிப்பார்கள். அந்த ஏழு மணி அழைப்பையே எடுத்துக்கொண்டால்: மதியம் சாப்பிட்டாயிற்றா, முந்தைய இரவு தூக்கம் எப்படி, நீலக்குறியைப் பார்த்தபோது மனதில் ஓடிய வாக்கியம் என்ன, உடம்பில் எங்கே இறுகியது, முதல் அழைப்புக்கும் இருபதாவது அழைப்புக்கும் நடுவே எந்த இடத்தில் வேறொன்றைச் செய்திருக்க முடியும்? ஒரு கண்ணியில் குளிர்ந்த நீரில் சற்று நேரம் முகத்தை அமிழ்த்துவது பொருந்தும். மூச்சைப் பிடித்து அப்படிச் செய்தால் இதயத் துடிப்பு குறையும் (இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது). இன்னொரு கண்ணியில், ‘அவர் பதில் சொல்லவில்லை’ என்ற நடப்பையும் ‘அவருக்கு நான் வேண்டாம்’ என்ற ஊகத்தையும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது. சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் சிறுவயதில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத வேலை.

டி.பி.டி.யின் முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991-இல் வந்தது. 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், அனுபவமிக்க வேறு சிகிச்சையாளர்களிடம் போனவர்களைவிட இதில் சேர்ந்தவர்களிடம் தற்கொலை முயற்சி பாதியாக இருந்தது. லண்டனில் அந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் வளர்த்த முறை, தன் மனதிலும் பிறர் மனதிலும் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் திறனைப் பழக்குகிறது. கெர்ன்பெர்கின் முறை, ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா தெரபி ஆகியவற்றுக்கும் ஆதாரம் உண்டு. மருந்துகளின் பங்கு குறைவு. இக்கோளாற்றுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. இதற்கென்று தனியாக மருந்து தர வேண்டாம் என்று பிரிட்டனின் 2009 வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. கூடவே வரும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மருந்து தேவைப்படலாம். நடைமுறையில் பலர் நான்கைந்து மாத்திரைகளோடு அலைவதற்கு, பேச்சு சிகிச்சை கிடைக்காததே பெரும்பாலும் காரணம்.

குணமாகாத நோய் என்ற பழைய கெட்ட பெயர் ஆதாரமற்றது. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் 1992-இல் ஜனாரினி தொடங்கிய ஆய்வு 290 நோயாளிகளைத் தொடர்ந்தது. பத்தாண்டுகளில் 93 சதவீதத்தினர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய் வரையறைக்கு வெளியே இருந்தார்கள். அறிகுறி தணிவதோடு வேலையும் ஒரு நல்ல உறவும் அமைவதையே மீட்சி என்று கொண்டால், அதை எட்டியவர்கள் பாதிப்பேர்தான். காயப்படுத்திக்கொள்வது போன்ற தீவிர அறிகுறிகள் முதலில் அடங்குகின்றன. வெறுமையும் கைவிடப்படும் அச்சமும் மெதுவாகவே போகின்றன. 24 ஆண்டுத் தொடர்ச்சியில் ஏறத்தாழ ஆறு சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ‘சும்மா மிரட்டுகிறாள்’ என்று தள்ளிவிடுபவர்கள் பார்க்க வேண்டிய எண் இது.

இந்தியாவில் இக்கோளாறு மனச்சோர்வு என்றோ ‘திமிர்’ என்றோ பெயர் மாறி நிற்பது சகஜம். சிறுவயதுக் கொடுமையும் இங்கே அரிதல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்தார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. மூன்றில் இரு குழந்தைகள் அடி வாங்கியவர்கள், 53 சதவீதத்தினர் ஏதோவொரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னவர்கள், இரண்டில் ஒரு குழந்தை உணர்ச்சிக் கொடுமைக்கு ஆளானது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. வீட்டுக்குள் நடப்பதற்கு ‘கண்டிப்பு’ என்ற கௌரவமான பெயர் இன்னும் இருக்கிறது. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2022 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவது இந்த ஆய்வுகளின் நோக்கம் அல்ல. ஓயாமல் அழும், எளிதில் மிரளும் குழந்தை ஒரு நிதானமான தாயைக்கூடக் களைத்துப்போகச் செய்யும். களைத்த தாய் சீறுவாள். சீறலில் குழந்தை இன்னும் மிரளும். இந்தச் சுழலில் யார் தொடங்கியது என்று கேட்பது வீண். அதனால்தான் டி.பி.டி.யின் விடலைப் பருவ வடிவத்தில் பிள்ளையோடு பெற்றோரும் அதே வகுப்பில் உட்கார்ந்து அதே பாடங்களைப் படிக்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்கு முன் இந்தப் பெயரைச் சூட்டவே மருத்துவர்கள் நீண்டகாலம் தயங்கினார்கள். பிஞ்சுக்கு முத்திரை குத்துவதா என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் அறிகுறிகள் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடுகின்றன, காத்திருந்தால் படிப்பும் நட்பும் உடைந்துபோகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆண்ட்ரூ சேனன் தொடங்கிய சிகிச்சைத் திட்டம் 15 முதல் 25 வயது வரையுள்ளவர்களை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்கிறது. அங்கே 139 இளையோரை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்குத் தனிப்பயிற்சி பெற்றவர்கள் தரும் விலையுயர்ந்த உளவியல் சிகிச்சை. மற்றப் பிரிவுகளில் அது கிடையாது, அதற்குப் பதில் நட்போடு பேச்சுத் துணை தரும் எளிய உதவிதான். மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். கனடாவின் டொரன்டோவில் 180 பேரிடம் டி.பி.டி.யையும், பொது மனநல மருத்துவர்கள் ஓர் ஒழுங்கோடு தரக்கூடிய எளிய சிகிச்சையையும் ஒப்பிட்ட 2009 ஆய்விலும் இரு தரப்பும் சமமாகவே முன்னேறின. சிறப்பு மையங்களும் நிபுணர்களும் இல்லாத ஊர்களில், இக்கோளாற்றைச் சரியாக இனம்கண்டு, நோயாளியை அவமதிக்காமல், நேரம் தவறாமல் தொடர்ந்து பார்க்கும் ஒரு சாதாரண மனநலப் பிரிவே கணிசமான வேலையைச் செய்துவிட முடியும் என்பதை இவ்விரு ஆய்வுகளும் காட்டுகின்றன.